உமித் தூசியும் மருந்துப் பொடியும்

இந்த வாரக் கட்டுரையை இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு வரி எழுதுவதும், எழுந்து வாசலுக்குப் போவதும், தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து மில்லுக்கு ஒரு போன் போடலாமா என்று யோசிப்பதுமாக இருக்கிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இவருக்குப் புதுவயலில் ரைஸ் மில் சூப்பர்வைசர் வேலை. ஆஸ்துமா. போன மாதம்தான் டாக்டர் ஒரு இன்ஹேலர் கொடுத்திருந்தார். பொடி அடைத்த கேப்ஸ்யூலை அதற்குள் போட்டு, ஒரு திருகு திருகி, வாயில் வைத்து மூச்சை இழுக்க வேண்டும். மருந்து நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

அதை வாங்கி வந்த அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். பத்திரிகைகளில் படித்ததை எல்லாம் தெருவுக்கே சொல்லிக்கொண்டு திரிகிறவள் ஆயிற்றே! இன்சுலினை ஊசி இல்லாமல் மூச்சு வழியாகக் கொடுக்க வெளிநாட்டில் ஆராய்ச்சி நடக்கிறதாம். தட்டம்மைத் தடுப்பு மருந்தைக்கூட அப்படிக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். பொடி எவ்வளவு நைசாக இருந்தால் உள்ளே போகும் என்று ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம்...

ஆனால் இவருக்கு மூச்சுத் திணறல் குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. சட்டைப் பட்டன் போட்டு முடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுவார். இவருடைய அண்ணன் இதே மில்லில் வேலை பார்த்து, இதே வியாதியில் போனவர். எனக்கு எப்படி இருக்கும்? பயம்.

"தினமும் போடுறீகளா?" என்று திங்கட்கிழமை கேட்டார் டாக்டர்.

"ஒருநாள்கூடத் தப்புறதில்ல சார்," என்றார் இவர். உண்மைதான். நான்தான் பக்கத்திலேயே நிற்கிறேனே!

"எங்க, என் முன்னாடி ஒருதடவை போடுங்க."

திருகினார். வாயில் வைத்தார். கன்னம் ஒட்டியது, தோள் உயர்ந்தது. எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. டாக்டர் இன்ஹேலரை வாங்கித் திறந்து என்னிடம் நீட்டினார். பொடி அப்படியே இருந்தது.

"அண்ணே, நீங்க மூச்சை இழுக்கல. அடக்குறீக."

"இழுக்கத்தான் சார் பாக்குறேன். பொடின்னு தெரிஞ்சதுமே நெஞ்சு அடைச்சுக்கிருது. மில்லுல உமி ரூம் கதவைத் தொறந்தா, மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் உள்ள போவோம். இருபது வருசப் பழக்கம்..."

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதமாக மருந்து உள்ளே போகவே இல்லை! இவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இவர் நெஞ்சு மருந்தையும் தூசியோடு சேர்த்து வெளியே நிறுத்தியிருக்கிறது. பொடியின் அளவை எல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், சரி. மனுஷனுக்குள் ஊறிப்போன பழக்கத்தை என்ன செய்வார்கள்?

மறுபடியும் ஒரு கேப்ஸ்யூல். மறுபடியும் அடக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, மில்லுல சங்கு ஊதியாச்சு! மில்லு நின்னுபோச்சு. கதவைத் தாண்டி வெளிய வந்துட்டீக. இப்ப இழுங்க!" என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இழுத்தார். இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் திறந்து காட்டினார் — காலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டில் நான்தான் மில் சங்கு. மூச்சுத் திணறல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. வேலையை மாற்றச் சொன்னார் டாக்டர். "பாக்கலாம்" என்கிறார் இவர். அந்த 'பாக்கலாமு'க்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான பெண்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இன்றைக்கும் மருந்தை இழுத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புதுவயல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் தெருவில் இறங்கிய பிறகுதான் எனக்குத் திக்கென்றது. பொடியைக் கண்டால் இழுக்க அந்த நெஞ்சைப் பழக்கிவிட்டேனே... உமி ரூம் கதவைத் திறக்கும்போது? வாசலுக்கு ஓடினேன்.

"ஏங்க... அங்க போயி இழுத்துறாதீக!"

வீட்டுக்குள் நின்று இழு என்கிறவளும் நான், வாசலில் நின்று இழுக்காதே என்கிறவளும் நான் — பாவம், அந்த நெஞ்சு எந்தப் பேச்சைத்தான் கேட்கும்?