ஒன்பதாம் தாளின் அளவுப்பட்டை

குடிநீர் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கேள்விக்குறி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

எதிராளியை மடக்குவதற்காகக் கேள்வி கேட்பவர்கள் உண்டு. இவள் அந்த ரகம் இல்லை. இவளுக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் பேருந்து நடத்துநரிடம், டிக்கெட்டை ஏன் எப்போதும் ஒரே மூலையில் கிழிக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்த மனிதரும் பாவம், மெனக்கெட்டு விளக்கினார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது. வெயிலில் நடந்து திரும்பியவளுக்குக் கால் வலித்ததில் வருத்தமில்லை, பதில் பாதியில் நின்றுபோனதில்தான் வருத்தம். இப்போது வயது நாற்பத்து மூன்று. தலையில் நரை வந்ததே தவிர, குணம் அப்படியேதான் இருக்கிறது.

அலுவலகத்துக்கு வந்தது தட்டச்சராக. வரைபடம் போடுகிற ஆள் வேறு வேலை கிடைத்து ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிப் போய்விட்டார். அவருடைய நாற்காலியும், கணினியும், அதிலிருந்த வரைபட மென்பொருளும் அங்கேயே கிடந்தன. மூன்று மாதம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பேய் வீட்டைத் தாண்டுகிற மாதிரி ஒதுங்கி நடந்தார்கள். இவள் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும், அதை இழுத்தால் என்ன ஆகும் என்று நோண்டிக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது நாள் அலுவலகம் இருக்கிற தெருவின் குழாய்களையெல்லாம் திரையில் வரைந்துவிட்டாள். அதிகாரி அதைப் பார்த்த கணத்திலேயே அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. தெரிந்தவன் தலையில்தானே எல்லாம் விழும்!

மண்ணுக்குக் கீழே என்னென்ன போகிறது என்று காட்டுவதுதான் அவள் படங்களின் வேலை. குடிநீர்க் குழாய் நீலம், மின்சாரக் கேபிள் சிவப்பு. ஆனால் படம் வரைவது ஒரு வேலை, அதைத் தாளில் உட்கார வைப்பது வேறு வேலை. படத்தைச் சுற்றிக் குறியீட்டு விளக்கம், வடக்கு காட்டும் அம்பு, கீழே அளவுப்பட்டை என்று எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்க வேண்டும். அந்த இடத்தில்தான் மென்பொருள் தன் வாலை அவிழ்த்துவிடும். திரையில் தெரிகிற தெருப்பெயர் அச்சில் காணாமல் போகும். புதிதாகச் சேர்த்த குழாய் திரையில் இருக்கும், தாளில் இருக்காது. மற்றவர்கள் என்றால் பேனாவால் எழுதிச் சமாளிப்பார்கள். இவள் சமாளிக்க மாட்டாள். ஏன் வரவில்லை என்று தோண்டித் துருவி, காரணம் கையில் அகப்பட்ட பிறகுதான் தண்ணீர் குடிப்பாள்.

அவள் தாள்களில், ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று எண்ணில் எழுதியிருக்காது. அளவுப்பட்டை மட்டும்தான் இருக்கும். பத்து மீட்டர் என்றால் இவ்வளவு நீளம் என்று காட்டுகிற ஒரு கோடு. நகல் கடையில் தாளைச் சிறிதாக்கினால் எண் பொய்யாகிவிடும்; கோடு படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் பொய் சொல்லாது. இது அவளாகக் கண்டுபிடித்துச் செய்த ஏற்பாடு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தத் தாள்களை வைத்து மண் தோண்டுகிறவர்களில் ஒருவர் அவள் கணவர். மண் வாரும் எந்திரம் ஓட்டுகிறவர். "ஊர்ல எத்தனையோ புருஷன் இருக்கான். பொண்டாட்டி கிழிச்ச கோட்டைத் தாண்டாததுக்குச் சம்பளம் வாங்கறவன் நான் ஒருத்தன்தான்," என்று சகலையிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் மாமியாருக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். பெரிய சாலை ஒன்றில் புதுக் குழாய் பதிக்க ஒன்பது தாள் தயாரித்திருந்தாள். அந்தக் கடை ஏழாவது தாளில் வருகிறது. தாள் பையிலேயே இருந்தது. போகிற இடத்தை எல்லாம் காலால் அளப்பது அவள் பழக்கம், ஓர் எட்டு அறுபத்தைந்து சென்டிமீட்டர். கடை வாசலிலிருந்து தெருமுனை வரை எண்ணினாள். நூற்று இருபத்து மூன்று எட்டு. எண்பது மீட்டர். தாளை விரித்து, அளவுப்பட்டையைத் துண்டுக் காகிதத்தில் குறித்து, வைத்துப் பார்த்தாள். நாற்பது மீட்டர் என்றது.

மறுபடி நடந்தாள். மறுபடியும் எண்பது. கடைக்காரர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த அம்மா எதையாவது தொலைத்துவிட்டாளா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பொறியாளரிடம் காட்டினாள். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"இதுக்கு எதுக்கு மேடம் மண்டைய உடைச்சிக்கிறீங்க? நல்லா இருக்கற தாள்லேர்ந்து பட்டைய ஒரு போட்டோ எடுத்து இதுல ஒட்டிடுங்க. ஏழாம் தாள் அடுத்த வாரம்தானே போகுது."

"ஒட்டிடலாம் சார். ஆனா ஏன் தப்பாக் காட்டுச்சு?"

"ஏன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"அது தெரிஞ்சாத்தானே சார் சொல்ல முடியும்."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் தன் மேசைக்குப் போனார். அவள் உட்கார்ந்தாள்.

முதலில் அச்சு எந்திரத்தைச் சந்தேகப்பட்டாள். தாளுக்குள் அடங்கட்டும் என்று அது படத்தைச் சுருக்கியிருக்கலாம். ஆனால் திரையிலும் அதே நாற்பதுதான். மீட்டர், அடி என்று அலகை மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூடித் திறந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சரி, படத்தையே பெரிதாக்குவோம், பட்டை எவ்வளவு நீள்கிறது பார்ப்போம் என்று பெரிதாக்கினாள். தெரு வீங்கியது. பட்டை இருந்த இடத்தில் இருந்த அளவிலேயே இருந்தது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

தாளின் மூலையில் இன்னொரு சின்னப் படம் இருந்தது. நான்கு குழாய்கள் கூடுகிற சந்தியை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. அதைத் தொட்டுக் கொஞ்சம் பெரிதாக்கினாள். அளவுப்பட்டை துள்ளி நீண்டது.

ஆக, பட்டை பெரிய படத்துக்கு உழைக்கவே இல்லை. சின்னப் படத்தின் அளவைச் சொல்லிக்கொண்டு பெரிய படத்தின் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொடுக்கில் மாற்றிவிடலாம். அவள் மாற்றவில்லை. அது ஏன் அங்கே போய் ஒட்டிக்கொண்டது?

புதிதாகப் பட்டைகளைப் போட்டுப் பார்த்தாள். பெரிய படத்தின் மேல் வரைந்தால் பெரியதோடு சேர்ந்தது. வெற்றிடத்தில் வரைந்தாலும் பெரியதோடுதான். சின்னப் படத்தின் ஓரத்தில் பட்டும் படாமலும் வரைந்தாள். சின்னதோடு சேர்ந்துவிட்டது. அப்புறம் எங்கே நகர்த்தினாலும் உறவை விடவில்லை. பிறக்கும்போது எந்தப் படத்தின் மேல் விழுகிறதோ அதுதான் அதற்குச் சொந்தம். அவளுக்குப் போன வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. கீழே இடம் நெருக்கடியாக இருந்ததால், பட்டையைச் சின்னப் படத்தின் ஓரத்தில் வரைந்து பிறகு கீழே இழுத்து வைத்தது அவளேதான்.

தனியாக உட்கார்ந்து சிரித்தாள். இந்த மாதிரி ஒரு காரணம் கையில் அகப்படுகிறபோது வருகிற சந்தோஷம் அவளுக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. எழுந்து போய்ப் பொறியாளரிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"கிணறு வெட்டப் பூதம் கெளம்பின கதையா இருக்கே," என்றவர், "அன்னைக்கு இந்த ஒரு தாளை மட்டுந்தான் போட்டீங்களா?" என்று கேட்டார்.

அவள் சிரிப்பு நின்றது. அன்று போட்டது மூன்று. ஏழு, எட்டு, ஒன்பது. மூன்றிலும் சந்தி உண்டு, மூன்றிலும் பட்டையை அப்படித்தான் வைத்தாள். வேலை சாலையின் கடைசியிலிருந்து தொடங்குவதாக ஏற்பாடு. ஒன்பதாம் தாளைக் காலை ஏழு மணிக்குச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனவர் அவள் கணவர்.

கைபேசியில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எந்திரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. பொறியாளர் வண்டிச் சாவியை எடுத்தார்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் மனக்கணக்குப் போட்டாள். புதுக் குழாய்க்கான இடம் மதில் சுவரிலிருந்து ஐந்து மீட்டர். அந்தப் பட்டையால் அளந்தால் இரண்டரை. உயர் அழுத்த மின்சாரக் கேபிள் போவது மூன்றாவது மீட்டரில். இரண்டரையை நடுவாக வைத்துத் தோண்டுவார். எந்திரத்தின் பக்கெட் அறுபது சென்டிமீட்டர் அகலம், பக்கத்துக்கு முப்பது. கேபிளுக்கு மிச்சம் இருபது சென்டிமீட்டர். ஒரு சாண்கூட முழுதாக இல்லை. பக்கெட்டின் பல் அதில் பட்டால் மேலே உட்கார்ந்திருப்பவர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் கணக்குப் போட மனம் வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பக்கெட் பள்ளத்துக்குள் இருந்தது. அவள் ஓடி, எந்திரத்துக்கு எதிரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். சத்தம் அடங்கியது.

"என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?" என்று அவர் பதறிக்கொண்டு எழுந்தார்.

"ஒண்ணுமில்ல. நீங்க முதல்ல கீழ எறங்குங்க."

"என்னன்னுதான் சொல்லேன்."

"எறங்குங்கன்றேன்ல."

இறங்கினார். பன்னிரண்டு அடி நீளத்துக்கு இடுப்பளவு பள்ளம் வெட்டியாகிவிட்டது. அவள் அளவு நாடாவை வாங்கிச் சுவரிலிருந்து பிடித்தாள். பள்ளத்தின் நடு சரியாக இரண்டரை மீட்டரில் இருந்தது. பள்ளத்தின் சாலைப் பக்கத்துச் சுவரைக் கரண்டியால் மெதுவாகச் சுரண்டச் சொன்னாள். தொழிலாளி ஒருவர் சுரண்டினார். கைப்பிடி அளவு மண் விழுந்தது, பிறகு இன்னொரு பிடி. அப்புறம் நிறம் மாறி மணல் வந்தது. மணலுக்குள் சிவப்பு எச்சரிக்கை நாடா தெரிந்தது. அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

 அந்தத் தொழிலாளிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"காலைல சோதனைக் குழி போடலாமான்னு கேட்டோம்மா. இவருதான் வேணாம்னுட்டாரு."

அவளுக்குப் புரியவில்லை. எந்திரம் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் ஆள் இறங்கி, கையால் ஒரு குழி வெட்டி, கீழே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதுதான் சோதனைக் குழி. மற்ற ஓட்டுநர்கள் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். இவர் அதில் பிடிவாதக்காரர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"ஏன் போடலை?" என்று கணவரைக் கேட்டாள். பதில் தெரிய வேண்டாம் என்று பயந்துகொண்டே கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்பதாம் தாளை எடுத்து விரித்தார். "உன் தாளாச்சே. மத்தவங்க தாள்னா போடுவேன். நீ போட்டதுன்னா போடறதில்ல. மூணு வருஷமாவே போடறதில்ல."

 அவள் வெட்டிப் போட்ட மண் மேட்டிலேயே உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அவள் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு பெரிதாகச் சொன்னதில்லை. அதே நம்பிக்கை இன்று அவர் உயிரைக் கொண்டுபோயிருக்கும். சந்தோஷப்படவும் முடியாமல், திட்டவும் முடியாமல் அழுதாள். பொறியாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இனிமே யாரு தாளா இருந்தாலும் குழி போடுங்க. என் தாள்னா ரெண்டு போடுங்க."

 நாடாவின் ஒரு முனையைச் சுவரோரம் அவள் பிடிக்க, அவர் மறுமுனையோடு ஐந்தாவது மீட்டர் வரை நடந்து, அங்கே கடப்பாரையை ஊன்றினார்.