மாலில் பெண் பார்த்த கதை

எனக்கு அது ஐந்தாவது பெண் பார்த்தல். முதல் நான்கும் கே.கே. நகரில் எங்கள் வீட்டிலேயே நடந்தன. நான்கு குடும்பமும் கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "வீட்டுக்குப் போயிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பின. இன்னும் வீடு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஐந்தாவதை அம்மா வெளியே வைத்தாள். ஸ்ரீரங்கம் கோயிலில் பார்க்கலாம் என்றார்கள் தில்லை நகர் மாப்பிள்ளை வீட்டார். உற்சவக் கூட்டத்தில் பெண்ணைப் பார்ப்பதற்குள் பெருமாளையே பார்த்துவிடலாம். கடைசியில் புதிதாகத் திறந்த மால் என்று முடிவாயிற்று. முதல் மாடி காபிக் கடையில் மாலை ஆறு மணிக்கு இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திக்க வேண்டும். அந்தத் தற்செயலுக்காக அம்மா எனக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துவிட்டாள்.

மாலில் பொங்கல் கலைவிழா. நுழைந்ததுமே ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெர்மோகோலில் நின்று ஏசி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அதன் முன் செருப்பைக் கழற்றியிருக்கிறார். அதைப் பார்த்து இன்னொருவர். நாங்கள் போனபோது செருப்பு மலையே குவிந்திருந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவும் கழற்றிவிட்டு, "ஒரு போல்ட்டு கூட இல்லாம எப்படிம்மா நிக்குது?" என்று கோபுரத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தால் செருப்பைக் காணோம். அம்மாவும் அவரும் தேடப் போனார்கள். நான் தனியாக நின்றேன்.

கையில் வாக்கிடாக்கியோடு ஒருவர் ஓடி வந்தார். "ஏங்க, இவ்வளவு லேட்டாவா வர்றது?" என்று ஒரு பன்னீர்ச் செம்பை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். பன்னீர் தெளிக்க வர வேண்டிய பெண் நான் இல்லை என்று சொல்வதற்குள் ஒரு குடும்பமே தலையை நீட்டிவிட்டது. நீட்டிய தலைக்குத் தெளிக்காமல் இருக்க நமக்குக் கை வருமா?

தெளித்தேன். தெளித்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்கு முறை தலைமுதல் கால்வரை அளக்கப்பட்டவளுக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். போட்டோவில் பார்த்த அதே மீசை. என் போட்டோவும் அவரிடம் உண்டுதான். ஆனால் பன்னீர் தெளிக்கிறவளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? இரண்டு சொட்டு அவருடைய போனில் விழுந்துவிட்டது.

"கண்ணு தெரியல?" என்றார், போனைப் பார்த்தபடியே.

அவருடைய அம்மா பக்கத்துத் தட்டிலிருந்த கற்கண்டை இரண்டு கை அள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சந்தனத்தைத் தொட்டுப் பார்த்து, "தண்ணியா கரைச்சிருக்கா" என்று விரலைக் கோபுரத்தில் துடைத்துவிட்டுப் போனார்.

மணி ஆறாகிவிட்டது என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பின்னால் அப்பா வெறுங்காலோடு. கடையில் போய் உட்கார்ந்த பிறகுதான், செம்பு இன்னும் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மாவும் பார்த்தார்.

"பேங்க்ல வேலைன்னு சொன்னீங்க?"

"பேங்க்தாங்க, சத்தியமா பேங்க்தான்" என்றார் அப்பா.

அதற்குள் வாக்கிடாக்கிக்காரர் மூச்சிரைக்க வந்துவிட்டார். "செம்பைக் குடுங்க. நல்லா பண்ணீங்க. நாளைக்கும் இதே டயத்துக்கு வந்துடுங்க."

என் பேங்க் அடையாள அட்டையை அம்மா கைப்பையைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் காட்டினாள். அந்த அம்மாள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மலர்ந்தார். "எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க. இவனுக்கும் பிடிச்சிருக்கு." மாப்பிள்ளை அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

நான்கு வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"வீட்டுக்குப் போயிட்டுச் சொல்றோம்ங்க" என்றேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பாதான் முதலில் எழுந்தார், வெறுங்காலோடு.