அம்சா தைத்த இரண்டு கோடுகள்

தாலி இழந்து பிறந்த வீடு திரும்பிய பெண்ணுக்கு ஊர் கொடுக்கும் வேலைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். நூல் இழைப்பது, அப்பளம் இடுவது, அடுத்தவர் பிள்ளையைத் தூக்கி வளர்ப்பது. பிள்ளையார்பாளையத்து நெசவாளி அர்ஜுனனின் மூத்த மகள் அம்சாவுக்கு மட்டும் யாரும் கேள்விப்படாத ஒரு வேலை வாய்த்தது. கண்ணுக்குத் தெரியாத நட்சத்திர மண்டலத்தைத் தேடும் வேலை.

ஓரிக்கையில் பாலாற்றின் கரையோரம், கம்பி வலையால் பின்னிய பெரிய கிண்ணம் ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது. ஆடு மேய்க்கிறவர்கள் அதை 'ராட்சசன் வடிதட்டு' என்று சொல்லிச் சிரிப்பார்கள். நிறுத்தியவர் கோதண்டபாணி. சென்னையில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். மனைவி வடிவாம்பாளோடு அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டுவீடு கட்டிக் குடியேறியிருந்தார். பிள்ளை இல்லை. அந்தக் கிண்ணம்தான் பிள்ளை.

நம் சூரியனும் நாம் அண்ணாந்து பார்க்கும் நட்சத்திரங்களும் சேர்ந்து ஒரு மண்டலம் என்றும், அதைப்போலக் கோடிக்கணக்கில் வெளியே உண்டு என்றும் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் அம்சாவுக்குச் சொன்னார். சில மண்டலங்களில் நட்சத்திரம் குறைவு. எந்தத் தொலைநோக்கிக்கும் அகப்படாத அளவுக்கு மங்கல். ஆனால் அவற்றில் ஹைட்ரஜன் வாயு குவிந்து கிடக்கும். அந்த வாயு மெல்லிய ரேடியோ அலை ஒன்றை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். கிண்ணம் அதைப் பிடித்தால், ஓடுகிற காகிதத்தில் பேனா போடும் கோடு ஓரிடத்தில் மேடாக எழும்பும். வானத்தில் ஒரே ஓர் இடத்தைத்தான், அது தலைக்கு மேலே வரும்போதெல்லாம், பகலானாலும் இரவானாலும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு மண்டலம் மறைந்திருக்கிறது என்பது அவருடைய கணக்கு.

காகிதத்தில் வருவதோ வெறும் நடுக்கம். காற்றில் ஆடும் நூல்போலக் கோடு மேலும் கீழும் துள்ளும். பல நாள் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து கோதண்டபாணியின் பார்வை மங்கிக்கொண்டே போனதால், கோடுகளைக் கண்ணாடிக் காகிதத்தில் பிரதி எடுக்க அம்சாவின் கண்ணும் கையும் தேவைப்பட்டன. எட்டாம் வகுப்புப் படித்தவள். பட்டிழையில் வளர்ந்த விரல்கள். ஆறு மாதம் அவள் எடுத்த பிரதிகளில் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்தக் குறையில்லாமைதான் குற்றமாகிப் போனது.

பங்குனி மாதம் ஒரு காலை, கொஞ்சநஞ்சப் பார்வையோடு அவர் பூதக்கண்ணாடி வைத்து அசல் சுருளைத் தடவிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கை நின்றது. கோடு அங்கே மேடு தட்டியிருந்தது. பிரதியை வாங்கிப் பார்த்தார். பிரதியில் மேடு இல்லை.

"அது பேனா தடுக்கற இடம் சார்," என்றாள் அம்சா. "தெனமும் அங்கதான் தடுக்குது. அதான் நெரவிட்டேன்."

பட்டிழையில் முடிச்சு வந்தால் நீவி மறைத்துவிட வேண்டும், பார்க்கிறவர் கண்ணுக்கு அது படவே கூடாது. அவள் பேசக் கற்பதற்கு முன்பே கற்ற பாடம் அது. கை அதைத்தான் செய்தது.

கோதண்டபாணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தெனமும் அதே இடத்துலயா?" என்று கேட்டவர் குரல் உடைந்தது. வெறும் நடுக்கம் ஒருமுறை வந்த இடத்துக்கு மறுபடி வராது. வடிவாம்பாளைக் கூப்பிட்டுச் சர்க்கரை கொண்டுவரச் சொல்லி, அம்சாவின் வாயில் தானே போட்டார்.

பிறகுதான் சஞ்சலம் வந்தது. கருவியில் பழுது இருந்தாலும் மேடு தினமும் அதே இடத்தில்தான் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே வழி இருந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது. புரட்டாசியில் அந்த மண்டலத்தை விட்டு விலகி ஓடிய பூமி, பங்குனியில் அதை நோக்கி ஓடுகிறது. நெருங்கும்போது அலை நெருக்கமாகவும் விலகும்போது தளர்ந்தும் வரும், அதற்கேற்பக் காகிதத்தில் மேடும் இடம் மாறும். மேடு மண்டலத்திலிருந்து வந்ததானால் இந்த ஆறு மாதத்தில் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். கருவியின் பழுதானால் இம்மியும் நகராது. பிரதிகளில் மேடு இல்லை; புரட்டாசி மாத அசல் சுருள் ஒன்று வேண்டும்.

அந்தச் சுருள் எங்கே இருக்கிறது என்று அம்சாவுக்குத் தெரியும். பிரதி எடுத்த பிறகு அசல் எதற்கு என்று பழைய சுருள்களை அவர்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார். நெய்த புடவையைத் தறியின் படமரத்தில் சுற்றும்போது ஜரிகை உரசாமல் இருக்க நடுவே காகிதம் வைப்பது வழக்கம். அவள் அவற்றையெல்லாம் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கசங்கிக் கிழிந்து அடுப்புக்குப் போயிருந்தன. மிச்சம் இருந்த ஒரே புரட்டாசிச் சுருள் இப்போது படமரத்துக்குள் இருந்தது. அதன்மேல் பாதி நெய்தபடி சுற்றிக் கிடந்தது அவள் தங்கை காந்தாவின் கூறைப்புடவை.

முடியும்வரை பொறுக்கலாம் என்றால், மூன்றாம் நாள் கோதண்டபாணிக்குச் சென்னையில் கண் ஆபரேஷன். பார்வை தங்குமா என்பது சந்தேகம். ஏற்கெனவே பலவீனமான அவர் இதயம் அதைத் தாங்குமா என்பது அதைவிடச் சந்தேகம். தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று மட்டும் அவர் சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை அம்சா தறிக்குழி ஓரம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அர்ஜுனன் கையிலிருந்த, ஊடை இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

"கூறைய முடியாம அவுத்தா குடும்பம் அவுந்துபோம்னு எங்க நைனா சொல்லிக்கினு இருப்பாரு," என்றார். படமரத்தைத் தடவிக்கொண்டே, "நீயே வந்து கேக்கறியாம்மா?" என்றார்.

அந்த 'நீயே' அவள் நெஞ்சில் தைத்தது. கல்யாணமான பதினோராம் மாதம் விதவையானவள். தங்கையின் கூறையை அவிழ்க்கச் சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? எழுந்துவிட்டாள்.

எதிர்ப்பக்கம் கரைக்கான நாடாவைத் தள்ள உட்கார்ந்திருந்த காந்தாதான் பேசினாள்.

"அக்கா கூறைய யாரும் அவுக்கலியே நைனா. முழுசா நெய்ஞ்சுதானே குடுத்தீங்க. அவ புருசன் இருந்தாரா?"

அர்ஜுனன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். காந்தாவே போய் அவர் தோளைத் தொட்டு, "மாப்ளைக்கு மட்டும் சொல்லிடாதீங்க நைனா, அவுரு பயந்தாங்கொள்ளி," என்றாள். அழுகிற மனிதருக்கு அதில் சிரிப்பும் வந்துவிட்டது. தறிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அரக்குநிறப் புடவையை ஒவ்வொரு சுற்றாக அவர் அவிழ்த்தார். உள்ளே, ஓரம் பழுத்துக் கிடந்தது புரட்டாசி.

மறுநாள் காலை ஓரிக்கையில் அம்சா இரண்டு சுருள்களையும் மேஜைமேல் விரித்து, அளவுகோல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். புரட்டாசி மேடும் பங்குனி மேடும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக நின்றன. ஒரு மயிரிழை நகரவில்லை.

உள்ளேயிருந்து கோதண்டபாணி குரல் கொடுத்தார். இரவோடு இரவாக அவர் பார்வையில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சியிருந்தன. வாயால் சொன்னால் போதாது, தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு கோடுகளையும் ஒரே துணியில் மேலும் கீழுமாகப் பட்டுநூலால் தைத்துத் தருவதாக அம்சா சொன்னாள். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் பின்கட்டில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கியபோது வடிவாம்பாள் வந்து பக்கத்தில் அமர்ந்தாள். அம்சாவின் முகமே சேதியைச் சொல்லிவிட்டது.

"ஒரு விரற்கடை தள்ளித் தெச்சுடும்மா," என்றாள் வடிவாம்பாள். கெஞ்சுகிற குரல்கூட இல்லை. பால் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஆபரேஷன் மேஜையில என்ன ஆகுமோ. சந்தோஷமா போகட்டும். பாவம்னா அது எனக்கு."

மேல் கோடு முடிந்திருந்தது. கீழ்க் கோட்டில் மேடு வரவேண்டிய இடத்துக்கு ஊசி வந்து நின்றது. ஒரு விரற்கடை என்பது நாலு தையல். யாருக்குத் தெரியும்? தெரிந்தால்தான் யாருக்கு நஷ்டம்?

அவள் கணவன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "நாளைக்கு வந்துடுவாரு" என்றுதான் எல்லாரும் அவளிடம் சொன்னார்கள். அவளும் நம்பி வீட்டை மெழுகிக் கோலம் போட்டு வைத்தாள். அவர்கள் இரக்கப்பட்டுச் சொன்ன பொய் அது. அந்த இரக்கத்தால், சாகிற மனிதனிடம் அவள் சொல்ல நினைத்த ஒரு வார்த்தை இன்றும் தொண்டையிலேயே இருக்கிறது.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்று சொல்லி, ஊசியை இருந்த இடத்திலேயே இறக்கினாள். வடிவாம்பாள் எழுந்து போகவில்லை. நூல் தீர்ந்தபோது அடுத்த நூலை அவளே கோத்துக் கொடுத்தாள்.

கோதண்டபாணி துணியை மடியில் போட்டு, இரண்டு ஆட்காட்டி விரல்களையும் இரண்டு கோடுகள்மேல் ஒன்றாக ஓட்டினார். மேலும் கீழும் துள்ளித் துள்ளி விரல்கள் போயின. பிறகு இரண்டும் ஒரே சமயத்தில் ஏறின. ஒரே சமயத்தில் இறங்கின. மறுபடி ஒருமுறை ஓட்டினார். விரல்களை அந்த மேட்டின் மேலேயே நிறுத்தினார்.

"நகரலை," என்றார். "கருவியிலதான் பழுது."

வடிவாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல், கையை மட்டும் நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நெரவுனது பழுதைத்தான் அம்சா. இருந்தாலும் இனிமே வந்ததை வந்தபடி எழுது. நல்லதா கெட்டதான்னு அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார்.

அவள் சரி சார் என்றாள். பிறகு, கிண்ணத்தை அடுத்து எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டாள். அவர் முகத்தில் முதல்முறையாகத் தெளிவு வந்தது. வடக்கே எவ்வளவு, எத்தனை மாதம் என்றெல்லாம் மனக்கணக்காகச் சொல்லிக்கொண்டே போனார்.

ஆபரேஷனில் உயிர் தங்கியது, பார்வை தங்கவில்லை. பிறகு நாலு வருஷம் இருந்தார். அலையை வாங்கும் ரிசீவரில் தளர்ந்திருந்த ஓர் இணைப்பைச் சென்னையிலிருந்து வந்தவர் சரிசெய்ததும், அந்த இடத்தில் கோடு சாதாரணமாக ஓடியது. அந்தக் கிண்ணம் கடைசிவரை எந்த மண்டலத்தையும் பிடிக்கவில்லை. வானத்தில் இன்ன இன்ன இடங்களைப் பார்த்தாயிற்று, அங்கே எங்கள் கருவிக்கு எட்டிய வரையில் ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல அம்சா எழுதினாள். அடுத்தவன் தேடும்போது அந்த இடங்களில் தேடும் வேலை மிச்சமாகும் என்பார்.

அவர் போன பிறகு கிண்ணத்தை ஏற்றுக்கொண்ட அவருடைய கல்லூரிக்காரர்கள் அவளையே அங்கு வைத்துக்கொண்டார்கள். காந்தாவின் மூத்த பிள்ளைக்குக் காதுகுத்து நடந்த அன்றுகூட, அம்சா ஓரிக்கைக்குப் போய் அன்றைய கோட்டைப் பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் பந்திக்கு வந்தாள். பயந்தாங்கொள்ளி மாப்பிள்ளை அவளுக்காக இலை போட்டுக் காத்திருந்தார்.