சரோஜா மேடத்தின் அட்டை

மைசூர் விஜயநகரில் நான் கார் ரிப்பேர் ஷெட் போட்டு முப்பது வருஷம் ஆகிறது. எஞ்சினை இறக்கி ஏற்றிய வேலைகூட எனக்குத் தலைவலி கொடுத்ததில்லை. கொடுத்தது, எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த ஒரு பழைய கார். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். என் மூக்கு உடைந்த கதை என்பதால் நீட்டி முழக்கவில்லை.

காரின் சொந்தக்காரர் சரோஜா மேடம். ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார், காரையும் தானே ஓட்டுவார். பத்து நாளுக்கு ஒருமுறை கூலண்ட் டப்பாவில் அளவு இறங்குகிறது என்று வந்தார். கோயில், பேங்க், காய்கறி எல்லாம் முடித்து மதியம் கடைசியாகத்தான் என்னிடம் வருவார். வந்த சூட்டோடு பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் காய்ந்து கிடந்தன. டப்பாவை நிரப்பி அனுப்பினேன். மறுபடி வந்தார், மறுபடி நிரப்பினேன்.

அதற்குள் பெங்களூரிலிருந்து அவர் மகன் போன் செய்தார். அம்மா எங்கேயாவது ஹைவேயில் நின்றுவிடுவார் என்று பயம். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன்.

"அங்கிள், எஞ்சின் போச்சுன்னு சொல்லிடுங்க. நான் சொன்னா கேக்கறதில்ல, நீங்க சொன்னா வண்டியைக் கொடுத்துடுவாங்க. இனிமே டிரைவிங்கே பேடா, வேண்டாம்."

பொய் சொல்ல மனசு வரவில்லை. கசிவைக் கண்டுபிடிக்கவும் தெரியவில்லை. மூன்றாம் முறை மேடம் வந்தபோது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. "வண்டி பழசாயிடுச்சுங்க மேடம், இப்படித்தான் இருக்கும். கொடுத்துடுங்களேன்" என்று பாதிப் பொய்யைச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இது போச்சுன்னா, கோயிலுக்குப் போறதுக்குக்கூட யாருக்கு நேரம் இருக்குன்னு கேட்டுக்கிட்டு நிக்கணும் முருகேசன். அதுக்கு நான் இன்னும் தயாரா இல்ல" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் டிக்கியைத் திறந்து ஒரு பெரிய அட்டையை எடுத்து விரித்தார். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்தது. தினமும் வண்டியை நிறுத்தியதும் அதை அடியில் தள்ளிவிட்டு, மறுநாள் காலையில் எடுத்துப் பார்ப்பாராம். முன்சக்கரங்கள் நிற்கிற இடத்துக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஒரே இடத்தில் கூலண்டின் பச்சைக் கறைகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் கிழமை. முன்னாலேயே காட்டியிருக்கலாமே என்றேன். முதல் நாளே சொன்னாராம். அட்டையெல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேனாம். சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி.

அட்டையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கறைகள் விழுந்தது ராத்திரி வண்டி ஆறின பிறகு. நான் பார்த்ததெல்லாம் சூடான வண்டி. காரை ஷெட்டிலேயே விட்டுப் போகச் சொன்னேன். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யாமல், அவர் வட்டம் போட்ட இடத்துக்கு நேர் மேலே டார்ச் அடித்தேன். ரேடியேட்டரில் கீழ் ஹோஸ் சேருகிற இடத்தில் ஒரு பச்சைத் துளி நின்றது. ஹோஸ் ரப்பர் விறைத்துப் போயிருந்தது. சூட்டில் விரிந்து கிளாம்பு வளையத்துக்குள் இறுகிக்கொள்ளும், ஆறினால் சுருங்கி வழி விடும். ஹோஸையும் கிளாம்பையும் மாற்றி, புதுக் கூலண்ட் ஊற்றி, உள்ளே அடைபட்ட ஏரை வெளியே எடுத்தேன். அரை நாள் வேலைகூட இல்லை.

மகனுக்கு நானே போன் செய்தேன். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் கண் தெரியவில்லை என்றேன். அவர் அரை மனதாக ம்ம் என்றார்.

இப்போது கூலண்ட் குறைகிறது என்று யார் வந்தாலும் வண்டியை ஆறவிட்டுப் பார்க்கிறேன். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும், அது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், வண்டிக்காரர் என்ன பார்த்தார் என்று முதலில் கேளுங்கள். தினமும் அந்த வண்டியோடு இருப்பவர் அவர்.

இரண்டு வாரம் கழித்து மேடம் ஒரு புது அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு கறைகூட இல்லை, பென்சில் எழுத்து மட்டும்தான். திங்கள், கசிவு இல்லை. செவ்வாய், இல்லை. வெள்ளி, ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தேன், இல்லை. கடைசி வரி: ஞாயிறு, ஸ்டேஷனுக்குப் போய் மகனை அழைத்து வந்தேன், இல்லை.