இடுக்கிக்கு ஒரு டைபிரேக்

அர்ஜென்டினாவின் ரியோ குவார்த்தோ ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் நெலிடாவுக்கு ஊரே தலை குனியும். வீட்டில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடும் இடுக்கியை அவள் தொடக்கூடாது. அது கணவன் ஒஸ்வால்டோவின் செங்கோல். அவளுக்குத் தக்காளி நறுக்கும் இலாகா.

அன்று அவள் சவால் விட்டாள்: கண்ணாடிச் சுவருக்குள் ஆடும் படேல் டென்னிஸில் ஜெயிப்பவருக்கே இடுக்கி. அவளும் நாத்தனார் மிர்த்தாவும் ஒரு பக்கம்; ஒஸ்வால்டோவும் அவன் தம்பியும் எதிர்ப்பக்கம். கேம்கள் ஆறுக்கு ஆறு ஆனதால் டைபிரேக் வந்தது. ஏழு புள்ளி எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு வித்தியாசத்தில். புள்ளியும் ஆறுக்கு ஆறில் வந்து நின்றது.

"பந்தைப் போடு," என்றான் ஒஸ்வால்டோ.

"நில்லு. ஆறு புள்ளிக்கு ஒருதரம் பக்கம் மாறணும். பன்னெண்டு ஆச்சு," என்றாள் நெலிடா.

"முடியப்போற நேரத்துல எதுக்கு? அங்க கங்கு அணைஞ்சிரும்."

"கங்கு இனிமே என் கவலை. நீ மாறு."

மாறினான். சாயங்கால வெயில் அவன் முகத்திலேயே அடித்தது. அடுத்த புள்ளி அவளுக்கு.

"ஏழு!" என்று மிர்த்தா இடுக்கியை எடுக்க ஓடினாள்.

"ஏய், இன்னும் ஒண்ணு வேணும், திரும்பி வா!" என்று கத்தினான் ஒஸ்வால்டோ.

அந்த ஒன்றுக்காக நெலிடா பந்தை உயரத் தூக்கி வெயிலுக்குள் விட்டாள். அண்ணாந்த ஒஸ்வால்டோ காற்றை ஓங்கி அடித்தான். பந்து அவன் பின்னால் விழுந்து, கண்ணாடிச் சுவரில் மோதி, சாவகாசமாக உருண்டது.

அடுப்பருகே நெலிடா இடுக்கியோடு நின்றாள். மேசையருகே ஒஸ்வால்டோ கத்தியோடு நின்று கண்ணைத் துடைத்தான்.

"அழறியா?"

"வெங்காயம்."

"தக்காளிய மெல்லிசா நறுக்கு. எனக்குச் சொல்லுவியே, அதே மாதிரி."