பூசணி மாமா இளைத்த கதை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் அவர் பூசணிதான். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். அவருக்கும் அதில் வருத்தமில்லை. "வெண்டைக்காய்னு கூப்பிட்டா நானே திரும்பிப் பாக்க மாட்டேன்" என்பார்.

உயரமான கட்டடங்களின் வெளிக் கண்ணாடியைத் துடைப்பது அவர் தொழில். மொட்டை மாடியிலிருந்து இரும்புக் கயிற்றில் ஒரு நீளமான கூண்டு தொங்கும். அதைத் தொழிலாளிகள் தொட்டில் என்பார்கள். இரண்டு பேர் நிற்கலாம், இரண்டு வாளி வைக்கலாம். சோப்புத் தண்ணீரை அடித்து, ரப்பர் பட்டையால் வழித்துக்கொண்டே மாடி மாடியாக இறங்க வேண்டும். "எல்லாரும் தொட்டில்ல இருந்து எறங்கி வளர்ந்து பெரிய ஆளாவாங்க. நான் வளர்ந்து பெரிய ஆளாகி தொட்டில்ல ஏறினவன்" என்று அவர் சொல்லும்போது தொட்டில் லேசாகக் குலுங்கும். அவர் சிரித்தால் எல்லாமே கொஞ்சம் குலுங்கும்.

தொட்டிலில் அவருக்கு ஜோடி அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ஆள் ஒல்லி. காற்றடித்தால் சட்டைக்குள் இருக்கிறானா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். அவனுக்கு ஈர்க்குச்சி என்று பெயர். பூசணியும் ஈர்க்குச்சியும் சேர்ந்து தொங்குவதைத் தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். இந்த ஜோடியைச் சேர்த்து வைத்தது பூசணியின் வீட்டம்மாள்தான். தம்பியை வேலைக்கு அனுப்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"என் தம்பி அந்தரத்துல தொங்கினா, பக்கத்துல நீங்க தொங்கணும். இல்லேன்னா அவனும் வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம்."

நன்றாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள், புது சூப்பர்வைசர் வரும்வரை.

தொட்டிலில் ஏறுகிற ஜோடியை மாதத்துக்கு ஒரு முறை எடை பார்ப்பது கம்பெனி வழக்கம். சரக்கு இறக்கும் அறையில் ஒரு பெரிய தராசு மேடை உண்டு. பாதுகாப்பு பெல்ட்டெல்லாம் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் அதன்மேல் ஒன்றாக ஏறி நிற்க வேண்டும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. பழைய சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்துத் தும்முவார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், ஜன்னல் பக்கம் திரும்புவார். புதியவர் குனிந்து, முள்ளை மூக்கால் தொடுகிற மாதிரி பார்த்தார்.

"தாண்டிருச்சே?"

"முள்ளு பழசு சார்" என்றார் பூசணி.

"தொட்டில் மோட்டாரும் பழசுதான். ஒரு மாசம் தர்றேன். அடுத்த தடவையும் தாண்டுச்சுன்னா நீங்க கீழ, வண்டி நிறுத்துற இடத்தைக் கழுவுங்க. தம்பிக்கு வேற ஜோடி போட்டுடறேன்."

ஈர்க்குச்சி மாமாவைப் பார்த்தான். மாமா தன் வயிற்றைப் பார்த்தார். மேலே ஏறிய முதல் வாரம் அந்தப் பையன் கண்ணைத் திறக்காமலே கண்ணாடி துடைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. "கீழ பாக்காதே மாப்ளே, என்னைப் பாரு. நான் இருக்கிற இடத்துல வேற எதையும் பாக்கவும் முடியாது" என்று சொல்லிச் சொல்லித்தான் அவனைத் தேற்றினார். இன்னும் பலத்த காற்று வந்தால் அவன் கை தானாக மாமாவின் சட்டையைத் தேடும்.

அன்று சாயந்தரமே வீட்டில் சர்க்கரை டப்பா பீரோவின் மேல் ஏறிவிட்டது. புருஷன் என்ன வேலை பார்க்கிறார் என்பதை அந்த அம்மாள் ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள். உயரத்தில் ஏறுவதற்குச் சம்பளம் வாங்குகிறவருக்கு பீரோ ஒரு பொருட்டா? மறுநாள் விடிந்தபோது டப்பா அதே இடத்தில்தான் இருந்தது. மூடி மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு டப்பா தையல் மெஷின் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

"இது டீயா, நான் கண்ணாடி துடைச்ச தண்ணியா?"

"குடிங்க. உள்ளயும் சுத்தமாகட்டும்."

வீட்டில்கூட சமாளித்துவிட்டார். வெளியேதான் சோதனை. ஆறாம் மாடியில் ஒரு கணக்கு அலுவலகம். அங்கே ஆட்கள் அதிகம், அதனால் பிறந்தநாளும் அதிகம். கேக் வெட்டுகிற நேரத்தில் தொட்டில் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டால், அங்கிருக்கும் ஒரு அம்மாள் ஜன்னலைத் திறந்து இரண்டு துண்டை நீட்டாமல் விடமாட்டார். கணக்கம்மா என்று இவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். தங்கமான மனுஷி. அந்தத் தங்கம்தான் இப்போது எமனாக வந்து நின்றது.

"வேண்டாம்மா, டாக்டர் சொல்லியிருக்காரு" என்று முதல் நாள் பூசணி கையெடுத்துக் கும்பிட்டார். தொட்டில் ஐந்தாம் மாடிக்கு இறங்கும்வரை அண்ணாந்து அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த முறை, "ஒரு ஓரம் மட்டும். பேருக்கு" என்றார். ஓரம் என்பது எங்கே முடிகிறது என்று கேக்கில் யாரும் கோடு போட்டு வைப்பதில்லை. ஈர்க்குச்சி தன் துண்டைத் தொடவே இல்லை.

"ஏன்டா?"

"எனக்குப் பிடிக்கல மாமா."

"வீணாப் போயிடுமேடா!" என்று அந்தக் கவலையையும் மாமாவே தீர்த்து வைத்தார்.

இன்னொரு நாள் கணக்கம்மா கொடுத்த சாக்லேட் ஒன்றை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஹெல்மெட்டுக்குள் செருகி வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவருக்குச் சின்ன சாக்லேட்டை மறைக்கத் தெரியவில்லை. வெயில் ஏறியது. நெற்றியில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

"மாமா! ரத்தம்!" ஈர்க்குச்சி அலறியதில் எட்டாம் மாடியில் மூன்று பேர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அவன் கைக்குட்டையை எடுப்பதற்குள் அந்தக் கோடு மூக்கைச் சுற்றிக்கொண்டு உதட்டுக்கு வந்தது. மாமாவின் நாக்கு அதைத் தன்னையறியாமல் வரவேற்றது.

ஈர்க்குச்சி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். "எந்த குரூப் ரத்தம் மாமா இது?"

"அக்காகிட்ட சொல்லாதடா."

சொல்லவில்லை. அவன் எதையுமே சொல்லவில்லை. அதுதான் பின்னால் வினையாயிற்று.

மாதம் முடிந்தது. தராசில் இரண்டு பேரும் ஏறினார்கள். பூசணி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார், மூச்சுக்கும் எடை உண்டோ என்னவோ என்று. முள் ஆடியது, தயங்கியது, சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "பரவாயில்லையே" என்றார்.

மொட்டை மாடிக்குப் போகிற வழியெல்லாம் பூசணி தரையில் நடக்கவில்லை. "பாத்தியா மாப்ளே? மனுஷனுக்கு மன உறுதி வேணும். அங்கங்க ஒரு துண்டு, அரைத் துண்டு போயிருக்கலாம். ஆனா மனசு? மனசு இரும்பு."

"ஆமா மாமா."

தொட்டிலில் கால் வைக்கும் முன் பெல்ட் சரிபார்க்க வேண்டும். தன் பெல்ட்டைத் தானே பார்த்துக்கொள்வது அந்தத் தொழிலில் செல்லாது. எதிரில் நிற்கிறவன்தான் இழுத்துப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். தினமும் செய்வதால் அது தோளைத் தட்டுகிற மாதிரி ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. அன்றைக்கு மட்டும் பூசணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு என்னுத ஒரு ஓட்டை தள்ளிப் போடு. லூசா இருக்கும்."

ஈர்க்குச்சி இழுத்தான். கால் ஊன்றி இழுத்தான். பெல்ட் பழைய ஓட்டையை விட்டு நகரவில்லை.

"இருக்கட்டும் மாமா. இதுவே சரியா இருக்கு" என்றான் தலையை நிமிர்த்தாமல்.

பூசணி அவன் பெல்ட்டைப் பிடித்தார். எப்போதும்போல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விட்டிருப்பார். ஆனால் பெல்ட்டின் மிச்ச நுனி நீளமான வாலாக விரலில் தட்டுப்பட்டது. இழுத்தார், வந்துகொண்டே இருந்தது. கம்பெனி போட்ட ஓட்டையெல்லாம் தீர்ந்து, ஆணியால் குத்திய கோணல் ஓட்டை ஒன்றில் கொக்கி மாட்டியிருந்தது. அவன் சட்டைக்கு மேலேயே விலா எலும்பு கைக்குத் தெரிந்தது.

வெகுநேரம் அவர் பெல்ட்டை விடவில்லை.

"மத்தியானச் சாப்பாடு என்னடா பண்ற?"

ஈர்க்குச்சி குனிந்து வாளியை நகர்த்தி வைத்தான்.

"உங்கக்கா உனக்குத் தனி டப்பா கட்டிக் கொடுக்குறா. நான் என் டப்பாவைக் காலி பண்றதுல மும்முரமா இருக்கேன். உன் டப்பா எங்க போகுது?"

"வாட்ச்மேனுக்கு..."

"அதானே! அந்தாளுக்குக் கன்னம் வச்சிருக்கு, என்ன மருந்து சாப்பிடுறான்னு யோசிச்சேன்." சிரிப்பு வருகிற மாதிரி ஆரம்பித்துக் குரல் பாதியில் உடைந்தது. "ஏன்டா?"

"உங்களால முடியாது மாமா. எனக்குத் தெரியும். சேத்துத்தானே எடை பாக்குறாங்க? யாரு குறைஞ்சா என்ன? எனக்குப் பசி தாங்கும். உங்களை விட்டுட்டு வேற ஆளோட மேல போக... அது தாங்காது."

"மேல தலை சுத்தியிருந்தா?"

"ரெண்டு தடவை சுத்துச்சு. உங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன்."

காற்றுக்குப் பயந்துதான் பிடிக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பூசணி தன் பெல்ட்டைக் கழற்றினார், அவனுடையதையும் கழற்றினார். இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, மச்சினன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக சூப்பர்வைசரிடம் போனார்.

"சார், அந்த எடை செல்லாது."

"பாஸாயிட்டீங்களேய்யா?"

"நான் பாஸாகல சார். இவன் பட்டினி பாஸாச்சு. என்னைக் கீழ போடுங்க. நான் நிஜமா எடை இறங்கினப்புறம் ஏத்துங்க. இவனை இந்த வாரம் தரையில நிக்க வைங்க, தின்னு தேறட்டும். அப்புறம் நல்ல ஆளா பாத்து ஜோடி போடுங்க."

வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் தன்னைக் கீழே இறக்கச் சொல்லி ஒருவர் வந்து நின்றதை அந்த சூப்பர்வைசர் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "சரி" என்றார்.

வீட்டில் சொல்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. தம்பி இனிமேல் வேறு ஆளோடு தொங்குவான் என்று கேட்டதுமே அம்மாள் கரண்டியை ஓங்கிவிட்டாள். முழுக்கதையையும் கேட்டபிறகு ஓங்கின கரண்டி யாரை அடிப்பது என்று தெரியாமல் காற்றில் நின்றது. கடைசியில் அதாலேயே தம்பியின் தட்டில் மலைபோல் சோற்றைப் போட்டாள். புருஷன் தட்டில் மேடு போல் போட்டாள். போட்டுவிட்டு, அந்த மேட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தம்பி தட்டிலேயே வைத்தாள்.

"திருட்டுப் பயலுக ரெண்டு பேரும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஈர்க்குச்சிக்குக் கிடைத்த புது ஜோடிக்கு மௌனி என்று பெயர். நல்ல வேலைக்காரர், நிதானமானவர். வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும். பூசணி கீழ்த்தளத்தில் வண்டிகளுக்கு நடுவே தரையைத் தேய்த்தார். வெளிச்சமில்லாத இடம். மேலே ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துப் பழகியவருக்கு அங்கே பார்க்க வண்டிச் சக்கரம்தான் இருந்தது. கணக்கம்மா அவரை அங்கேயும் கண்டுபிடித்துவிட்டார். காகிதத் தட்டில் கேக்கோடு மின்தூக்கியிலிருந்து இறங்கி வந்தார்.

அவருக்கு வாய் ஊறாமலில்லை. ஊறிக் கடைவாய் வலித்தது. கை நீளும்போதெல்லாம் விரல் நுனியில் அந்த விலா எலும்பு வந்து இடறியது. தட்டை வாங்கிப் பத்திரமாக மூடி வைத்தார். மத்தியானம் ஈர்க்குச்சி இறங்கி வந்ததும் அவன் டப்பா காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டை நீட்டினார்.

"தின்னு. என் முன்னாடி தின்னு."

"நீங்க ஒரு வாய் மாமா..."

"கொன்னுடுவேன். மெதுவா தின்னுடா, ரயிலா போயிடும்? எப்படியிருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? மேல இருக்கே அந்த க்ரீமு, கரையுதா, ஒட்டுதா? நடுவுல என்ன வச்சிருக்கான்? இதெல்லாம் சொல்ல மாட்டியா? படிச்ச பையன்தானே நீ?"

அவன் ஒவ்வொரு வாயாகத் தின்று, ஒவ்வொன்றையும் விவரித்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வப்போது எச்சில் விழுங்கினார். வழியில் போன வாட்ச்மேன், தன் சாப்பாடு நின்றுபோன துக்கத்தில், இருவரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

இப்படியே ஓடியது. இடையில் ஒரு நாள் இருவரையும் சேர்த்து எடை பார்த்தபோது முள் தாண்டியது. பூசணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த முறை அவரே கேட்டு, முதலில் தனித்தனியாக ஏறினார்கள். மாமா இறங்கியிருந்தார், சந்தேகமேயில்லை. மாப்பிள்ளை ஏறியிருந்தான். அதிலும் சந்தேகமில்லை. பிறகு இருவரும் சேர்ந்து ஏறினார்கள். முள் போய்ப் போய்ச் சிவப்புக் கோட்டின்மேலேயே உட்கார்ந்தது.

சூப்பர்வைசர் குனிந்தார். இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார்.

"தாண்டலையே சார்?" என்றார் பூசணி.

"தாண்டல. ஆனா இப்ப ஏறுறது தம்பி போலிருக்கே?"

"கண்ணுக்கு முன்னாடி தீனி போட்டு வளத்தேன் சார். கொஞ்சம் கூடிப்போச்சு. குறைச்சுக்கலாம்."

சூப்பர்வைசர் தும்மினார். நிஜத் தும்மலா என்று யாரும் கேட்கவில்லை. "போங்க, மேல போங்க" என்றார்.

தொட்டில் மொட்டை மாடி விளிம்பைத் தாண்டி வெளியே வந்ததும் ஈர்க்குச்சி பேச ஆரம்பித்தான். மௌனியோடு தொங்கிய நாளெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு. மௌனி எப்படிக் கொட்டாவி விடுவார், பத்தாம் மாடியில் ஒருவர் தினமும் மேஜைக்கடியில் ஒளிந்துகொண்டு தூங்குவது, சோப்பு மாறிவிட்டது, அக்கா நேற்று என்ன சொன்னாள். துடைக்கிற கை நின்று நின்று போனது, வாய் நிற்கவில்லை. பூசணி அவன் விட்ட இடத்தையும் சேர்த்து வழித்துக்கொண்டே வந்தார். காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. பேச்சுக்கு நடுவிலேயே அவன் கை வந்து அவர் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததை அவனே கவனித்ததாகத் தெரியவில்லை.

"மாமா, கேக்குறீங்களா?"

"ம். சொல்லு."