மூன்றாம் சாட்சி கொளஞ்சியம்மாள்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பாலகிருஷ்ணனின் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிறவள் கொளஞ்சியம்மாள். அங்கே கிருஷ்ணர் பொம்மை என்றால் அவள் ஒருத்திதான் எழுதுவாள். வேறு யாரையும் தொடவிட மாட்டாள்.

தொண்ணூற்று மூன்றில் நாற்பது கிருஷ்ணர்கள் களவு போனார்கள். பத்தே நாளில், பெண்ணாடத்தில் தள்ளுவண்டியில் பொம்மை விற்ற சக்கரபாணியைப் போலீஸ் பிடித்தது. கொளஞ்சியம்மாளை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, பொம்மைகளை எட்ட நின்று காட்டி, "உங்க கம்பெனிதானே?" என்று கேட்டார்கள்.

"அது மாதிரிதான் இருக்குதுங்க" என்றாள்.

அடுத்த வருஷம் சம்மன் வந்தது. கூண்டில் ஏறியதும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் இருந்து முதலாளி தலையாட்டித் தைரியம் சொன்னார். பொம்மையைக் கையில் கொடுத்ததும் பயம் போய்விட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றையும் வாங்கிப் பார்த்தாள்.

"அச்சு எங்க அச்சு மாதிரிதாங்க. ஆனா இது நான் எழுதுன மொகம் இல்ல."

முதலாளியின் தலையாட்டல் நின்றுவிட்டது. அரசு வழக்கறிஞர் அவளைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லிக் குறுக்கு விசாரணையில் இறங்கினார்.

"இவை எங்க பொம்மைதான்னு போலீசில் சொல்லியிருக்கீங்களே?"

"மாதிரின்னு சொன்னேங்க. எழுதும்போது அந்த வார்த்தைய வுட்டுட்டாங்க போல."

நீதிபதி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஸ்டேஷன்ல எழுதுனது சாட்சியம் ஆகாதும்மா. இங்க சத்தியம் பண்ணிச் சொல்றதுதான் சாட்சியம். உங்களோடது இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எனக்கு எடது கை பழக்கங்க. புருவத்த வலது பக்கத்துலேருந்து இழுப்பேன். ஆரம்பம் தடியா, முடிவு மெலிசா வரும். இதுல எல்லாம் திரும்பி இருக்குது."

ஒப்பிட்டுக் காட்டலாம் என்று முதலாளி மிச்சமிருந்த ஒரு கிருஷ்ணரைப் பையில் கொண்டுவந்திருந்தார். நீதிபதி அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். எட்டிப் பார்த்த குமாஸ்தாவுக்கே வித்தியாசம் தெரிந்தது. அதையும் சான்றுப் பொருளாகக் குறித்துக்கொண்டார்கள்.

பிடிபட்ட பொருள் களவு போனதுதான் என்பது நிரூபணமாகவில்லை என்று மறுமாதம் சக்கரபாணி விடுதலையானான். வாசலில் கும்பிட்டவனிடம், "ஒனக்காகச் சொல்லலப்பா. அந்தப் புருவத்த என் தலையில கட்டப் பாத்தாங்க, அதான்" என்றாள்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். நாலு நாள் முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளிடம் வந்து நின்றார். கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்கே மனு எழுதிக் கட்டுவார்களே, அந்தப் பிராது கட்டப் போகிறாராம்.

"கோர்ட்டுல ஆகல. சாமிகிட்டயாவது சொல்லிப் பாக்கறேன். யாரு பேர எழுதறதுன்னுதான் தெரியல."

"யாரு பேரையும் எழுதாம கட்டுங்க மொதலாளி. அவரே விசாரிச்சுக்கட்டும்."

பாலகிருஷ்ணன் சிரித்துவிட்டார். மத்தியானம் எல்லோருக்கும் டீயும் வடையும் வந்தன.